பொண்ணு போகட்டும் தம்பி

கொஞ்சம் நீளமான பதிவு. காபியோடு உட்கார்ந்து படியுங்கள். இரண்டு வரி படித்துவிட்டு "சூப்பர் டீச்சர்" என்று போடுபவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலேயே தெரியும்.

போன வாரம் ஒரு போன். என்னிடம் பத்தாவது படித்தவன். இப்போது அவனுக்கே தலை நரைத்துவிட்டது. பெயர் வேண்டாம். அவன் மகளுக்கு 23 வயது, வேலைக்குப் போகிறாள். மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு நேபாளத்தில் ஒரு மலைக் கிராமத்துக்குத் தொண்டு வேலைக்குத் தனியாகப் போகிறேன் என்கிறாளாம். "புது ஆளுங்களோட பழகணும்ங்கிறா டீச்சர். இங்க இல்லாத ஃப்ரெண்ட்ஸா? கேட்டா, உங்க டீச்சரே போனாங்கல்லங்கிறா. நீங்க சொன்னாத்தான் கேப்பா. வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

யோசித்துச் சொல்கிறேன் தம்பி என்று வைத்துவிட்டேன். யோசித்தாயிற்று. பதிலை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் கேள்வி உன் ஒருவனுடையது இல்லை. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் என் நாத்தனார் நான் கேட்கும்படியே சொன்னார்: "சொந்தக்காரங்க வீட்டுக்கு வர நேரமில்ல, நேபாளத்துல போய் சிநேகிதம் புடிச்சு வச்சிருக்கா." அண்ணி, உங்களுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

முதலில் நான் போன கதை. 2017 மே மாதம் ஓய்வு பெற்றேன். அந்த நவம்பரில் திருச்சியிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து காத்மாண்டு. நமக்கு விசா வேண்டாம். விமானத்தில் போனால் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ போதும். நம் ஒரு ரூபாய்க்கு அவர்கள் பணம் 1 ரூபாய் 60 பைசா. 1993இலிருந்து அதே கணக்கு. கடிகாரத்தை மட்டும் கால் மணி நேரம் முன்னால் திருப்பி வைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், "ஃபாரின்" என்றவுடன் உங்கள் மனதில் வரும் செலவும் சிக்கலும் எல்லா நாட்டுக்கும் பொருந்தாது.

2015 ஏப்ரல் 25இல் அங்கே வந்த நிலநடுக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். அளவு 7.8. ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள். அதில் 3,500க்கும் அதிகமானவர்கள் சிந்துபால்சோக் என்ற ஒரே மாவட்டத்தில். நான் போனது அந்த மாவட்டத்துக்கு. மேலம்சி என்ற சின்ன ஊரில் பஸ் நிற்கும், அங்கிருந்து மேலே ஏற வேண்டும். இடிந்துபோன ஒரு பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வகுப்பறை கட்டிக்கொண்டிருந்தார்கள். தகரக் கொட்டகையில் பாடம் நடந்துகொண்டிருந்தது.

பயமில்லாமல் போனேன் என்று சொல்லமாட்டேன். காத்மாண்டுவில் முதல் நாள் இரவு லாட்ஜ் அறையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு என்ன கிறுக்கு, பேசாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். காலையில் பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் என் வீரம்.

இப்போது உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

"சேவை செய்யணும்னா இங்க இடமில்லையா?" என்கிறாய். நிறைய இருக்கிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் மகன் நியூஜெர்சிக்கு வேலைக்குப் போனபோது, "வேலை செய்யணும்னா இங்க இடமில்லையா?" என்று கேட்டாயா? விமான நிலையத்துக்கு வேன் பிடித்து ஆள் கூட்டிக்கொண்டு போனாய். எனக்கும் போட்டோ அனுப்பினாய். அவனும் தனியாகத்தான் போனான். தெரியாத ஊர், தெரியாத ஆட்கள். சம்பளத்துக்குத் தனியாகப் போனால் பெருமை, சம்பளம் இல்லாமல் மண் சலிக்கப் போனால் பைத்தியமா? மகன் போனால் சாதனை, மகள் போனால் ஊர் பேசுமா? ஊர் என்று நீ சொல்வது யாரை? எண்ணிப் பார், பத்துப் பேர் தேறமாட்டார்கள். அதில் நாலு பேர் என் மாணவர்கள், அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

"பாதுகாப்பு?" இது நியாயமான கேள்வி. இதை நான் தள்ளவில்லை. கடைசியில் வருகிறேன்.

"இங்க இல்லாத ஃப்ரெண்ட்ஸா?" இதற்குத்தான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி, 34 வருஷம் நான் "டீச்சர்". காய்கறிக் கடையில் டீச்சர், பஸ்ஸில் டீச்சர், கோயிலில் டீச்சர். வீட்டில் அண்ணி, அத்தை, பெரியம்மா. எல்லோரும் எனக்கு மரியாதை கொடுத்தீர்கள், அதற்கு நான் என்றும் நன்றியுள்ளவள். ஆனால் மரியாதை வேறு, சிநேகிதம் வேறு. ஓய்வு பெற்ற மறுமாதம் ஒரு மத்தியானம் மனசு சரியில்லை. யாரிடமாவது பேசலாம் என்று போனை எடுத்தேன். 600 நம்பர் இருந்தது. ஒருவரையும் கூப்பிட முடியவில்லை. மாணவனைக் கூப்பிட்டால் பதறிப்போவான். சொந்தத்தில் ஒருவரிடம் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஒன்பது வீட்டுக்குப் போய்விடும். கூட வேலை பார்த்தவர்களிடம் பேசினால் பென்ஷன், அரியர், பேரன் படிப்பு. சின்ன வயது சிநேகிதிகள் கல்யாணமாகி எந்தெந்த ஊருக்கோ போய்விட்டார்கள். நம் ஊர்ப் பெண்களுக்குக் கல்யாணத்தோடு சிநேகிதமும் முடிந்துவிடும் என்று யார் எழுதி வைத்தார்களோ தெரியவில்லை.

நேபாளத்தில் நான் தங்கியது ஒரு தாமாங் குடும்பத்தில். வீட்டுக்காரம்மாவுக்கு என்னைவிட இரண்டு வயது குறைவு. கணவர் இல்லை, மகன் மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில். எனக்குத் தெரிந்தது பள்ளிக்கூட நாளில் மத்யமா வரை எழுதி மறந்துபோன இந்தி. அவளுக்குத் தெரிந்தது ரேடியோவில் கேட்ட இந்தி. இதை வைத்துக்கொண்டு என்ன பேசிவிட முடியும் என்கிறாயா? வேலை இருந்தது, அதனால் பேச்சுக்கு அவசரமில்லை.

மணல் சலித்தோம். கல்லை வரிசையில் நின்று கைமாற்றினோம். அங்கே பெண்கள் டோகோ என்ற மூங்கில் கூடையை முதுகில் வைத்து, அதன் பட்டையை நெற்றியில் மாட்டிக்கொண்டு சுமப்பார்கள். நான் ஒருநாள் முயன்று பார்த்தேன், பத்தடிக்கு மேல் முடியவில்லை. கொத்தனார் சிரித்தே விட்டார். மூன்றாம் நாள் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் ஒன்றும் கேட்காமல் தன் பட்டுகாவை அவிழ்த்து, என்னைச் சுற்றச் சுற்ற இறுக்கிக் கட்டிவிட்டாள். பட்டுகா என்பது அவர்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் நீளத்துணி. பாரம் தூக்குகிற பெண்களுக்கு அதுதான் முதுகெலும்பு. கட்டிவிட்டு என்னைத் திட்டினாள். பாதி புரியவில்லை. புரிந்த பாதி: இந்த வயதில் முட்டாள்தனமாகக் குனியாதே.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் அம்மா போன பிறகு என்னை யாரும் திட்டியதே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. மரியாதை கொடுக்கிறவர்கள் திட்டமாட்டார்கள்.

காலை பத்து மணிக்கு தால் பாத், ராத்திரியும் தால் பாத். நடுவில் டீ. நம்மைப் போலவே வழியில் பார்ப்பவர்கள் எல்லாம் "சாப்பிட்டாச்சா" என்றுதான் கேட்பார்கள். ஒரு நாள் பூண்டு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அவள் நிலநடுக்கத்தைப் பற்றிச் சொன்னாள். அது வந்தது மத்தியானம் 12 மணிக்கு நாலு நிமிஷம் முன்னால். அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் அப்போது வார விடுமுறை ஞாயிறு இல்லை, சனி. பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது. ஆயிரக்கணக்கான வகுப்பறைகள் இடிந்தன, உள்ளே பிள்ளைகள் இல்லை. "ஒரு நாள் முன்னாடி வந்திருந்தா..." என்று சொல்லி, பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

அப்போது நான் அவளிடம் ஒன்று சொன்னேன். உங்களில் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2004 ஜூலை 16. கும்பகோணம் பள்ளித் தீ. 94 குழந்தைகள். நான் அப்போது அதே மாவட்டத்தில்தான் வேலை பார்த்தேன். வெள்ளிக்கிழமை நடந்தது. திங்கட்கிழமை நான் வகுப்புக்குப் போனேன். எங்கள் பள்ளியிலும் ஒரு கீற்றுக் கொட்டகை இருந்தது. அதில் ஆறு வருஷம் பாடம் நடத்தியிருக்கிறேன். ஆபத்து என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை, ஒரு வரி எழுதிக் கொடுத்ததில்லை. அதன் பிறகு அரசு உத்தரவு வந்து எல்லாப் பள்ளியிலும் கீற்றைப் பிரித்தார்கள். எங்கள் பள்ளியில் பிரித்தபோது நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தீ எங்கள் பக்கம் வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். இதை 13 வருஷம் மனதில் வைத்திருந்தேன். உங்களிடம் எப்படிச் சொல்வேன்? அந்தக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களே நீங்கள்தானே.

அவளிடம் சொல்ல முடிந்தது. அவளுக்கு நான் டீச்சரும் இல்லை, அண்ணியும் இல்லை. என் ஜாதி தெரியாது, என் பென்ஷன் தெரியாது, என் பிள்ளை என்ன சம்பாதிக்கிறான் என்று தெரியாது. கேட்டுவிட்டு அவள் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. பூண்டை மறுபடி எடுத்து உரித்தாள். நானும் உரித்தேன்.

இதைத்தான் தம்பி நான் சிநேகிதம் என்கிறேன். அது முளைக்க ஒரே ஊர் வேண்டாம், ஒரே பாஷைகூட வேண்டாம். சேர்ந்து செய்ய ஒரு வேலை வேண்டும். நம்மைப் பற்றி முன்முடிவு எதுவும் இல்லாத ஒரு மனுஷி வேண்டும். கொஞ்ச நாளாவது பக்கத்தில் இருக்க வேண்டும். சுற்றுலா பஸ்ஸில் 40 பேரோடு போய், எட்டு நாளில் எட்டு ஊர் பார்த்து, புளியோதரைப் பொட்டலத்தோடு திரும்பி வருகிறவர்களுக்கு இது கிடைக்காது. அது தப்பில்லை, அது வேறு.

ஏன் தனியாக? நான் இருந்தபோதே இந்தியாவின் ஒரு பெரிய நகரத்திலிருந்து ஐந்து பேர் சேர்ந்து வந்தார்கள். நல்ல பிள்ளைகள், என்னைவிட நன்றாக வேலை செய்தார்கள். ஆனால் ஊறுகாய் கொண்டுவந்தார்கள், தங்களுக்குள் சாப்பிட்டார்கள், தங்களுக்குள் பேசினார்கள், பத்து நாளில் தங்களுக்குள் போய்விட்டார்கள். கூட்டமாகப் போகிறவன் தன் ஊரையும் மூட்டை கட்டிக்கொண்டு போகிறான். தனியாகப் போகிறவளுக்கு வேறு வழியில்லை. பசித்தால் பக்கத்து ஆளிடம் கேட்கத்தான் வேண்டும், வழி தெரியாவிட்டால் வாயைத் திறக்கத்தான் வேண்டும். அந்தத் தேவைதான் கதவு.

இது என் புது யோசனை ஒன்றும் இல்லை. முதல் உலகப் போர் முடிந்து இரண்டே வருஷத்தில், 1920இல், பியர் செரசோல் என்ற சுவிஸ் பொறியாளர் பிரான்ஸில் வெர்டன் போர்க்களத்துக்குப் பக்கத்தில் இடிந்த கிராமத்தைத் திரும்பக் கட்ட ஆட்களைச் சேர்த்தார். வந்தவர்களில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்று வரை சுட்டுக்கொண்டவர்கள் மண்வெட்டி பிடித்துச் சேர்ந்து நின்றார்கள். அதே செரசோல், 1934 ஜனவரியில் பீகாரையும் நேபாளத்தையும் உலுக்கிய நிலநடுக்கத்துக்குப் பிறகு பீகாருக்கு வந்து வீடு கட்டும் வேலை செய்தார். சமாதானத்தைப் பேசி வரவழைக்க முடியாது, சேர்ந்து வேலை செய்தால் வரும் என்பது அவர் நம்பிக்கை. பீகாரில் வீடு இல்லாமல் நின்றவர்கள் அவரைப் பார்த்து, "உங்க ஊர்ல சேவை செய்ய இடமில்லையா" என்று கேட்டிருப்பார்களா?

இதுவரை என் பக்கம் கைதட்டிய இளைஞர்களுக்கு அடுத்த அடி. உங்களை விட்டுவிடுவேன் என்று நினைத்தீர்களா?

வெளிநாட்டில் தொண்டு என்ற பெயரில் அனாதை இல்லத்துக்குப் போய், மூக்கொழுகும் குழந்தையை இடுப்பில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறீர்களே, அதை நிறுத்துங்கள். நேபாளத்திலும் கம்போடியாவிலும் இது ஒரு வியாபாரமாகவே நடந்திருக்கிறது. நேபாள உள்நாட்டுப் போர்க் காலத்தில் தூரத்து மலை மாவட்டங்களிலிருந்து, படிக்க வைக்கிறோம் என்று பெற்றோரிடம் பணம் வாங்கிக்கொண்டே குழந்தைகளைக் காத்மாண்டுவுக்குக் கொண்டுவந்து இல்லங்களில் தள்ளினார்கள் தரகர்கள். அந்த இல்லங்களில் இருந்த பெரும்பாலான குழந்தைகளுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருந்தார்கள். வெள்ளைக்காரன் வந்து கொஞ்சிவிட்டுப் பணம் கொடுப்பான் என்பதால்தான் அந்தக் கடை நடந்தது. இப்போது நாமும் அங்கே வாடிக்கையாளராகப் போக வேண்டுமா? இரண்டு வாரம் கொஞ்சிவிட்டு நீ போய்விடுவாய். அந்தக் குழந்தை அடுத்த ஆளுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். 34 வருஷம் பிள்ளைகளோடு இருந்தவள் சொல்கிறேன், அது பாவம்.

இன்னொன்று. நாம் செய்கிற வேலையின் மதிப்பைப் பெரிதாக நினைக்காதீர்கள். நான் மூன்று வாரத்தில் செய்ததை அந்த ஊர்ப் பெண்கள் இரண்டு பேர் நாலு நாளில் செய்துவிடுவார்கள். சுவர் வைத்தது கூலி வாங்கிய உள்ளூர்க் கொத்தனார்கள், அதுதான் சரி. அவர்கள் கூலியை நாம் போய்க் கெடுக்கக் கூடாது. அதனால் நான் "சேவை" செய்தேன் என்று யாராவது மேடையில் சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கொடுத்ததைவிட வாங்கியதுதான் அதிகம்.

வாங்கியதில் பெரியது கடைசி நாள் கிடைத்தது. நேபாளத்தில் மிதேரி என்று ஒரு வழக்கம் உண்டு. சிநேகிதர்கள் இரண்டு பேர், ஜாதி வேறாக இருந்தாலும் பாஷை வேறாக இருந்தாலும், சாட்சி வைத்து, நெற்றியில் திலகமிட்டு, ஒருவருக்கொருவர் பொருள் கொடுத்துச் சிநேகத்தை உறவாக்கிக்கொள்கிறார்கள். அதன் பிறகு பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. ஆண்கள் என்றால் மித், பெண்கள் என்றால் மிதினி. ஒருவர் இறந்தால் மற்றவர் துக்கம் காக்க வேண்டும். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் நடுவே சம்பந்தம் செய்துகொள்ளக் கூடாது, அவர்கள் உடன்பிறந்தவர்கள் மாதிரி. சிந்துபால்சோக்கில் சீன எல்லையில் இருக்கும் பாலத்துக்குப் பெயர்கூட மிதேரிப் பாலம்தான். நாம் சொந்தத்துக்குள் சொந்தம் தேடுகிறோம், அவர்கள் வெளியே போய்ச் சொந்தம் செய்துகொள்ளச் சடங்கே வைத்திருக்கிறார்கள்.

நான் ஒரு கைத்தறிச் சேலை கொடுத்தேன். அவள் அந்தப் பட்டுகாவைக் கொடுத்தாள். இன்றும் இடுப்பு வலித்தால் அதைத்தான் கட்டுகிறேன்.

2021 மே மாதம் எனக்குக் கொரோனா. தனி அறையில் 14 நாள். நீங்களெல்லாம் விசாரித்தீர்கள், சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்தீர்கள், மறக்கமாட்டேன். அவளும் தினமும் கூப்பிட்டாள். எனக்கு ஆறு மணி, அவளுக்கு ஆறே கால். நலம் விசாரித்தது ஒரு நிமிஷம். மீதியெல்லாம் அவள் எருமை கதை, பக்கத்து வீட்டுச் சண்டை. அடுத்த மாதம் ஜூன் 15ஆம் தேதி மேலம்சியில் பெருவெள்ளம் வந்து கடைத்தெருவையே அடித்துக்கொண்டு போனது. நாலு நாள் அவள் போன் போகவில்லை. அந்த நாலு நாளில் நான் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை என் மருமகள் சொல்வாள். ஐந்தாம் நாள் எடுத்தவள், "சாப்பிட்டாயா" என்று கேட்டாள். அண்ணி, நேபாளத்தில் போய் நான் பிடித்து வைத்திருப்பது இதைத்தான்.

இப்போது பாதுகாப்பு. தம்பி, உன் மகளைத் தடுப்பதற்குப் பதிலாக அவளோடு உட்கார்ந்து இவற்றைப் பார். கூட்டிப் போகும் அமைப்பு யாருடையது, கட்டும் பணம் எங்கே போகிறது என்று எழுத்தில் கேட்கட்டும். ஏற்கெனவே போய்வந்த இரண்டு பேரிடம், முக்கியமாகப் பெண்களிடம், நேரில் பேசட்டும். தங்கும் வீட்டு நம்பர் உன்னிடம் இருக்க வேண்டும். மலைப் பாதையில் ராத்திரி பஸ் வேண்டாம். மழைக்காலத்தில் போக வேண்டாம். கையில் திரும்பி வரும் காசு தனியாக இருக்க வேண்டும். பிடிக்கவில்லை என்றால் மறுநாளே கிளம்பிவிடலாம், யாரும் கேலி செய்யமாட்டோம் என்று நீயே உன் வாயால் சொல். வேறு நாட்டுக்குப் போகிறவர்கள் விசாவைப் பாருங்கள். சுற்றுலா விசாவில் போய்ச் சம்பளம் இல்லாமல் வேலை செய்வதையும் பல நாடுகள் வேலை என்றே கணக்கெடுக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஆபத்து மிச்சம் இருக்கும். இல்லை என்று சொல்லமாட்டேன். தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவள் ஆபீஸ் கேப்பில் வீடு திரும்புகிறாளே, அதிலும் இருக்கிறது. அதற்கு நீ பழகிவிட்டாய்.

பயம் உனக்கு மகளைப் பற்றி மட்டும்தானா என்றும் யோசித்துப் பார். அவள் உன்னை அப்பா என்று அறியாத ஓர் ஊரில், யாருடைய மகள் என்று சொல்லாமல், தன் பெயரை மட்டும் சொல்லி ஆட்களைச் சம்பாதித்துக்கொண்டு வந்துவிடுவாள். அது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும். தாங்கிக்கொள். எனக்கு 58 வயதில் கிடைத்தது அவளுக்கு 23இல் கிடைக்கட்டும்.

அதனால் வேண்டாம் என்று ஒரு வார்த்தை நான் சொல்லப் போவதில்லை. பொண்ணு போகட்டும் தம்பி. மேலம்சிப் பக்கம் போவதாக இருந்தால் போகும் முன் என் வீட்டுக்கு வரச் சொல். என் மிதினிக்கு இரண்டு கிலோ புளியும் ஒரு சேலையும் கொடுத்தனுப்ப வேண்டும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாகக் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் அதையும் திருத்துவேன். பழைய பழக்கம், போகவில்லை.